மெக்காலே அப்படிப் பேசவே இல்லை

"இந்தியா முழுக்கச் சுற்றினேன், பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை. இவர்களின் முதுகெலும்பை முறிக்கப் பழைய கல்வியை மாற்ற வேண்டும்" என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே பேசியதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய்.

அன்றைக்கு அவர் லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கியவர், 1838-இல்தான் ஊர் திரும்பினார். அந்தத் தேதியிட்டு இந்தியாவில் அவர் எழுதியது ஒரு கல்விக் குறிப்பு. அதில் புகழ்ச்சியா? நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு, இந்திய, அரபு இலக்கியம் மொத்தத்துக்கும் ஈடாம்!

சரி, சமூகவியலில் இந்தக் குறிப்பை ஏன் இன்னும் தோண்டுகிறார்கள்? இருக்கிற வசதிக்கு எல்லோருக்கும் கற்பிக்க முடியாது; ரத்தத்தில் இந்தியராகவும் ரசனையில் ஆங்கிலேயராகவும் ஒரு வர்க்கத்தை உருவாக்கி, ஆள்வோருக்கும் மக்களுக்கும் நடுவே நிறுத்துவோம் என்று அதில் அவரே பச்சையாக எழுதியிருக்கிறார்.