மூண்டு முள்ளுக்கு அலைச்சல்

அம்மான்ர தையல் மிசினுக்கு என்னைவிட வயது கூட. இரும்பு அப்பிடியே கிடக்கு, வயர்தான் கழுத்தறுக்குது. ரப்பர் உறை தொட்டால் நமுத்த பிஸ்கட் மாதிரி உதிருது, உள்ளுக்குச் செப்புக்கம்பி பல்லைக் காட்டுது. ஓடுறது 230 வோல்ற்! அம்மாவோ, "ரேப் சுத்திவிடு தம்பி, காணும்" எண்டுறா.

வயர் மாத்துறது பெரிய வேலையில்லை. மோட்டரையும் பெடலையும் லைற்றையும் சேர்க்கிற அந்த மூண்டு முள்ளுக் கனெக்ரர்தான் கிடைக்குதில்லை. கஸ்தூரியார் வீதியில நாலு கடை ஏறி இறங்கினன். எல்லாரும் ஒரே பாட்டு: "உது இப்ப வாறேல்லை, புது மிசின் வாங்குங்கோவன்." ஒராள் கேத்தில் பிளக்கை நீட்டினார். (நல்ல மனிசன், பாவம்.)

சட்டை தைக்கக் குடுத்த பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால எட்டி எட்டிப் பாக்கிறா.