"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

செவ்வாய்க்கிழமை காலை என் இடது கால் செருப்பு என்னோடு வேலைக்கு வராமல் கூடுவாஞ்சேரியிலேயே தங்கிவிட்டது. மின்சார ரயிலில் ஏறும்போது பின்னால் வந்த யாரோ அதை மிதிக்க, நான் மேலே போனேன், அது தண்டவாளத்துக்குப் போனது. குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை. குனிவதற்கு இடம் வேண்டுமே. வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால் என்று நுங்கம்பாக்கம் வரை நின்றுகொண்டே போனேன். வெறுங்காலை ஊன்றத் தரை கிடைக்காததால் பாதி வழி அது என் வலது பாதத்தின் மேலேயே கொக்கு மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பார்த்துவிட்டு, "என்னம்மா பண்றது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் தலைமேல் ஒரு டிபன் கேரியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், பாவம். அந்த வார்த்தை மேல்தான் கோபம். அட்ஜஸ்ட். எந்தப் புண்ணியவான் இதை மின்சார ரயிலுக்குள் கொண்டுவந்து விட்டானோ தெரியவில்லை.

எங்கள் வண்டி செங்கல்பட்டிலிருந்து வருவது. சிங்கப்பெருமாள் கோயில், மறைமலைநகர் என்று அள்ளிக்கொண்டு வந்து கூடுவாஞ்சேரியில் நிற்கும்போதே உட்கார இடம் இருக்காது. அது பரவாயில்லை, உட்காருவதை எல்லாம் நான் விட்டு வருஷக்கணக்கு ஆகிறது. ஊரப்பாக்கத்தில் இன்னொரு பிளாட்பாரக் கூட்டம். வண்டலூரில் பையும் பெட்டியுமாக ஊரிலிருந்து வந்தவர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள் அல்லவா, அங்கே விடியற்காலையில் இறங்கும் தென் மாவட்டத்து ஜனம் ஊருக்குள் போக எங்கள் வண்டிக்குத்தான் வருகிறது. அரிசி மூட்டையோடு ஏறும் பாட்டியை என்ன சொல்ல முடியும்? அவரும் எங்கேதான் போவார்? பெருங்களத்தூர் வரும்போது கதவில் நிற்பவர்களே வெளியே பார்த்து "இடமில்லைங்க, அடுத்த வண்டியில வாங்க" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள். இத்தனைக்கும் அப்படிக் கத்துகிறவர் முந்தின ஸ்டேஷனில் இதே வசனத்தைக் கேட்டுக்கொண்டே முண்டியடித்து ஏறியவராக இருப்பார்.

பெண்கள் பெட்டி என்றால் ஏதோ சொகுசு என்று ஆண்கள் நினைக்கிறார்கள். ஒரு நாள் வந்து பாருங்கள். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆள் அரை இடுப்பை வைத்து, மீதி அரையைக் காற்றில் வைத்திருப்பாள். இரண்டு இருக்கைக்கும் நடுவில், உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்கு இடையே நாலு பேர் நிற்பார்கள். முன்னால் நிற்கிற பெண் இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருப்பாள், ஈரக் கூந்தல் என் மூக்கில். பின்னால் யாருடைய பையிலோ இருக்கும் தண்ணீர் பாட்டில் என் விலா எலும்பில். மேலே பிடித்திருக்கும் கை மரத்துப்போய், இது என் கைதானா, இல்லை பக்கத்து ஆள் கையா என்று விரலை ஆட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை என் சாம்பார் டப்பா திறந்துகொண்டு, முன்னால் நின்ற பெண்ணின் சுடிதார் முதுகில் அழகாக ஒரு கோலம் போட்டது. நான் மன்னிப்புக் கேட்டபோது அவளால் திரும்பி என்னை முறைக்கக்கூட முடியவில்லை. கிண்டி வந்து பாதிப் பேர் மெட்ரோவுக்கு இறங்கிய பிறகுதான் திரும்பினாள். அதற்குள் கோபம் ஆறியிருந்தது. "உப்பு கொஞ்சம் கம்மிக்கா, வாசனையிலயே தெரியுது" என்றாள்.

முன்பெல்லாம் சாயங்கால வண்டியில் கீரை ஆய்ந்துகொண்டு வருவோம். பீன்ஸ் நறுக்குவோம், பூ கட்டுவோம். வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். இப்போது கீரைக்கட்டைப் பைக்குள் வைத்து ஏறினால் இறங்கும்போது துவையலாகத்தான் வெளியே வருகிறது.

சரி, கூட்டம் எங்களுக்குப் புதிது இல்லை. 1931-லேயே சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடியிருக்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பாதையில் மெட்ராஸ் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறது. ஊர் பெருத்தால் கூட்டமும் பெருக்கும், புரிகிறது. என் வயிற்றெரிச்சல் வேறு. வண்டி வராத அந்த இருபது நிமிஷம்.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், அடிவயிற்றிலிருந்து வருகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று வையுங்கள். ஒரு வண்டிக்கு எங்கள் ஸ்டேஷனில் நூறு பேர். ஒரு வண்டி வராமல் போனால் அடுத்ததற்கு இருநூறு பேர். இருநூறு பேர் ஏற இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதனால் ஊரப்பாக்கத்துக்கு அது இன்னும் தாமதமாகப் போகும். அங்கே அதற்குள் இன்னும் ஐம்பது பேர் கூடியிருப்பார்கள். தாமதத்தால் கூட்டம், கூட்டத்தால் தாமதம். தாம்பரம் வருவதற்குள் அந்த ஒரு வண்டி மூன்று வண்டிச் சுமையைச் சுமக்கும். இதில் உச்சகட்டக் கொடுமை என்ன தெரியுமா? பின்னாலேயே அடுத்த வண்டி காற்றாட வந்துகொண்டிருக்கும். அதை ஒரு வார்த்தை ஒலிபெருக்கியில் சொன்னால் பாதிப் பேர் நின்று, அதில் நிதானமாக வருவோம். சொல்ல மாட்டார்கள். "தங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று மட்டும் சொல்வார்கள். வருந்துகிற குரலா அது? பால் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

சொல்லாததால் ஒரே நம்பிக்கை முன்னால் நிற்கிற வண்டிதான். அதை விட்டால் அடுத்தது எப்போதோ யார் கண்டது? அதனால்தான் ஜனம் தொங்குகிறது. படியில் தொங்குவது திமிர் என்று வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு. சில வயசுப் பையன்களுக்குத் திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இடம் இருக்கும்போதும் காலைத் தேய்த்துக்கொண்டு வருகிற அதுகளை இறக்கி நாலு அறை விடலாம். ஆனால் 2018 ஜூலை 24-ஆம் தேதி காலை? மின்கம்பிக் கோளாறு, வண்டிகள் தாமதம், கூட்டம் பிதுங்குகிறது, விரைவு ரயில்கள் போகும் வேகப் பாதையில் திருப்பிவிடப்பட்ட ஒரு வண்டி. பரங்கிமலையில், தொங்கிக்கொண்டு போனவர்கள் பக்கத்திலிருந்த கான்கிரீட் சுவரில் அடிபட்டு விழுந்து செத்தார்கள். அவர்களும் வேலைக்கும் காலேஜுக்கும் புறப்பட்டவர்கள்தானே? பரங்கிமலையைக் கடக்கும்போது என் கை தானாகவே பக்கத்தில் யாராவது சின்னப் பெண் வாசலில் நின்றால் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்கிறது. அவள் என்னை லூசு மாதிரி பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

சட்டம் இருக்கிறது. ரயில்வே ஊழியர் எச்சரித்தும் கேட்காமல் படியில் பயணம் செய்தால் ரயில்வே சட்டம் 156-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியை விடாமல் ஆளை இருபது நிமிஷம் நிற்க வைத்ததற்கு எத்தனையாவது பிரிவு? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இப்போது ஏசி வண்டி வேறு. 2025 ஏப்ரலில் விட்டார்கள். குறைந்தது 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105. சாதா வண்டியில் அஞ்சு ரூபாயிலிருந்து டிக்கெட். என் சாதாரண சீசன் டிக்கெட் அதில் செல்லாது. ஏசி வண்டி கெட்டது என்று சொல்ல வரவில்லை, கதவு தானாக மூடும், யாரும் விழ மாட்டார்கள், நல்லதுதான். ஆனால் சாதா வண்டிக்காக நெருப்பு மாதிரி வெயிலில் நிற்கும்போது அது வந்து நிற்கும் பாருங்கள், அந்தக் கண்ணாடி வழியே உள்ளே ஒருத்தர் குளிருகிறது என்று காதில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போது வருகிற எண்ணங்களை இங்கே எழுத முடியாது.

அரசு விடுமுறை நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம். "இன்று ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி இயங்கும்" என்பார்கள். ரயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை, என் ஆபீசுக்கு வியாழக்கிழமை. அன்று வேலைக்குப் போகிறவர்கள் யார்? கடையில் நிற்கிற பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், செக்யூரிட்டிகள். லீவே இல்லாதவர்களுக்குத்தான் வண்டியையும் குறைக்கிறார்கள்.

நம்மாட்களும் சும்மா இல்லை. மாம்பலத்தில் இறங்குகிறவர் தாம்பரத்திலிருந்தே வாசலில் சிலை மாதிரி நிற்பார், நாம் உள்ளே போகவும் விடமாட்டார், தானும் உள்ளே போக மாட்டார். "இறங்கணும்ல" என்பார். அதற்கு இன்னும் எட்டு ஸ்டேஷனுக்கு மேல் இருக்கிறது ஐயா! அப்புறம் ஹெட்போன் என்ற ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டதே தெரியாமல் ரீல்ஸ் ஓடவிடுகிறவர்கள். முதுகுப் பையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பேசி, நாலு பேர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிடுகிற ஐடி பிள்ளைகள். பையை முன்னால் போட்டுக்கொள் தங்கம், கங்காரு மாதிரி. அழகு குறைந்துவிடாது.

என் ஆபீசில் ஒரு அக்கா சாயங்காலம் நுங்கம்பாக்கத்திலிருந்து எதிர்த் திசையில் கடற்கரைக்கே போய், அங்கே காலி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுபடி நுங்கம்பாக்கம் வழியாகவே வீட்டுக்குப் போகிறார். உட்காருவதற்காக முக்கால் மணி நேரம் அதிகம். நான் பிளாட்பாரத்தில் நசுங்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னலிலிருந்து கை காட்டுவார். மகாராணி!

செருப்புக் கதைக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்து ஒன்றுமே கேட்கவில்லை. "ரயிலாம்மா?" என்று மட்டும் கேட்டு, அளவு பார்க்காமலே சரியாக எடுத்துக் கொடுத்தார். வாரத்துக்கு எத்தனை பேர் இப்படி வருகிறார்களோ.

ராத்திரி வீட்டுக்காரரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாருக்கும் அப்படித்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

அன்றைக்கு இட்லிக்கு நான் சட்னி அரைக்கவில்லை. பொடி இருந்தது, எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. தண்ணீரில் குழைத்துச் சாப்பிட்டார்.