தடவிக் கொடுத்தால் நாயின் பயம் கூடுமா?

"புதிதாக வந்த நாய் பயந்து முனகினால் கிட்டே போகாதீர்கள், தடவிக் கொடுத்தால் பயமே பழக்கமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பயம் ஓர் உணர்ச்சி. பிஸ்கட்டுக்காகக் கை கொடுப்பதுபோல் கற்றுக்கொள்ளும் வித்தை அல்ல. ஆறுதலால் அது வளராது.

ஆனால் கட்டிலுக்கடியில் பதுங்கியதை இழுத்துவந்து கொஞ்சுவது ஆறுதலில் சேராது. (நம் வீடுகளில் முதலில் நடப்பதே அதுதான்!) வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, உதட்டை நக்கி, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால் 'கொஞ்சம் தள்ளிப் போ' என்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தையும் பழைய போர்வையையும் அருகே வைத்துவிட்டு, முகத்தை உற்றுப் பார்க்காமல் தரையில் பக்கவாட்டில் உட்காருங்கள். தானாக வந்து முகர்ந்தால் மார்பில் மெதுவாகத் தடவலாம்; தலைக்கு மேல் கை நீட்ட வேண்டாம். முதல் சில இரவுகள் உங்கள் அறையிலேயே படுக்கட்டும். ஒரு நாளுக்கு மேல் எதையும் தின்னவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.