ரோஸ்டரில் தெரியாத வெற்றிடம்

"எங்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்குப் பணிவிடை செய்யப் போகிறார்கள்" என்று, வெளிநாட்டு வேலைக்குப் போகும் இலங்கைத் தாதியரைத் திட்டும் பதிவொன்று இந்தக் கிழமை முழுக்க என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு கட்டியவர்கள் என்பது வேறு கதை. சரி, கோபம் விளங்குகிறது. தாதியர் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சி இலவசம், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு, முடித்தால் அரச வேலை. இவ்வளவும் கொடுத்தபிறகு போகிறார்களே என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் எது குறைகிறது என்பதையே நாங்கள் பிழையாக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

நியமனக் கடிதம் கொடுக்கும் விழாவின் படம் அடிக்கடி பத்திரிகையில் வரும். வெள்ளைச் சீருடையில் வரிசையாக இளம் பிள்ளைகள், நடுவில் அமைச்சர். பார்க்கச் சந்தோஷம்தான். போன இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று ஊர் நிம்மதி அடைகிறது. வார்டுக்குள் கணக்கு வேறு. போனவர் பத்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐ.சி.யூ.வில் நின்றவர். வந்தவர் அண்மையில்தான் கடைசிப் பரீட்சை எழுதியவர். யாருக்கு எப்போது டியூட்டி என்று போடும் ரோஸ்டரில் இருவருக்கும் ஒரே அளவு கட்டம்தான்.

இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. பெற்றோல் வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சுற்றறிக்கை வந்தது. மாதாமாதம் ஒரு தொகை டொலரை இங்கே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, போகச் சொன்னதே அரசாங்கம். சம்பளச் செலவும் மிச்சம், டொலரும் வரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த நேரத்து நெருக்கடிக்கு அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கந்தோரில் கோப்புக் கட்டுகிற ஒருவருக்கும் டயலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்கும் ஒரே கதவைத் திறந்துவிட்டால், வெளிநாட்டுக்காரன் யாரைக் கூப்பிடுவான்?

அதே வருடம் இன்னொரு பக்கமும் கதவு திறந்தது. அரச ஊழியரின் ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்தார்கள். 2022 டிசம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கான மூத்த ஊழியர்கள் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போனார்கள். சுகாதாரத் துறையில் இது நீதிமன்றம் வரை போன விவகாரம். நடுவயதுக்காரர் விமானம் ஏற, மூத்தவர் ஓய்வெடுக்க, புதியவருக்கு வேலை பழக்கிக் கொடுக்க மிஞ்சுவது யார்?

அனுபவம் என்று பொதுவாகச் சொன்னால் அது என்னவென்று பலருக்குப் பிடிபடுவதில்லை. அப்பாவுக்கு சத்திரசிகிச்சை நடந்து கொழும்பில் ஒரு பெரிய வைத்தியசாலையில் இருந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். இரவு வேளை. பிரஷர் சரி, காய்ச்சல் இல்லை, சாட்டில் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. இளம் தாதி பாவம், ஓடி ஓடி வேலை செய்துகொண்டிருந்தார். மூத்த மிஸ் (தாதியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் வேறு யாரையோ பார்க்கப் போகிற வழியில் அப்பாவின் கட்டிலடியில் ஒரு கணம் நின்றார். சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தார். "இதைக் கடைசியாக எத்தனை மணிக்கு வெளியேற்றியது?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் டொக்டரைக் கூப்பிட்டார். பையில் சேர்ந்திருந்த அளவு அத்தனை மணித்தியாலத்துக்குப் போதாது. சேலைன் மாறியது, ஊசி போட்டார்கள், விடியும்போது அப்பா தேத்தண்ணி கேட்டார். அந்த இளம் பிள்ளையில் எந்தப் பிழையும் இல்லை. பையில் இருந்ததை அவரும் எழுதித்தான் வைத்திருந்தார். எழுதிய இலக்கத்தைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ள நாலைந்து வருடம் வேண்டும், பக்கத்தில் அந்த மிஸ்ஸைப் போல ஒருவரும் வேண்டும்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இதில் இன்னொரு நட்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கதைப்பதாகத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மருதானை, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தை என்று இந்த மாநகரத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தமிழ்தான். வார்டிலோ பெரும்பாலான தாதியர் சிங்களம் பேசுபவர்கள். குருநாகலிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் வந்து பொரளையிலும் நாரஹேன்பிட்டியிலும் போர்டிங் அறையில் இருக்கும் பிள்ளைகள். வந்த புதிதில் "வலி" என்ற சொல்கூடத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரரோ, கூட்ட வந்த தொழிலாளியோ மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஏழெட்டு வருடம் கழித்து அதே மிஸ், "அம்மா, மூச்சு உள்ள எடுங்க, கொஞ்சம் பிடிங்க, விடுங்க" என்று பாட்டிமாரை அழகாக அதட்டுவார். இலக்கணம் தாறுமாறாக இருக்கும். அது பரவாயில்லை, நெஞ்சு எரிகிறதா நெஞ்சு அடைக்கிறதா என்று பிரித்துக் கேட்கத் தெரியுமே! எந்த மொழிப் பயிற்சிப் பட்டறையும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. வார்டுதான் கற்றுக்கொடுத்தது. அவர் மான்செஸ்டருக்குப் போகும்போது அந்தத் தமிழும் சேர்ந்து போகிறது. புதியவர் முதலிலிருந்து தொடங்குகிறார். (தமிழ் பேசும் பிள்ளைகள் இன்னும் அதிகமாக இந்த வேலைக்கு வரவேண்டும் என்பது உண்மைதான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து மெடிசின் கிடைக்காத பிள்ளைக்கு எத்தனை தமிழ் வீடுகளில் "நர்சிங் செய்" என்று சொல்கிறோம்? அதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.)

அங்கே இழுப்பு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகம் முழுக்க ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் தாதியர். அப்படியிருந்தும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. ஏழு தாதியரில் ஒருவர் பிறந்த நாட்டில் வேலை செய்யவில்லை. பணக்கார நாடுகளில் நாலில் ஒருவருக்குக் கிட்ட வெளிநாட்டில் பிறந்தவர். பிரித்தானியாவின் பதிவேட்டில் உள்ள எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாதியர், மருத்துவிச்சிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பயின்றவர்கள். அங்கே அரச சேவையில் புதிதாகச் சேரும் தாதிக்கு 2025இல் சம்பளம் வருடத்துக்கு 31,000 பவுண்ட் அளவில் தொடங்கியது. எங்கள் காசில் ஒரு கோடியைத் தாண்டும். வாடகையும் வரியும் போக மிஞ்சுவது படத்தில் காட்டுகிற அளவு இல்லை என்று போனவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கொழும்பின் காலி வீதியில் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை வகுப்புப் போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லை.

காசு மட்டும்தான் காரணம் என்றால் நான் இவ்வளவு எழுதத் தேவையில்லை. எங்களால் பவுண்டோடு போட்டி போட முடியாது, அத்தோடு கதை முடிந்தது. ஆனால் தாதியரோடு கதைத்துப் பாருங்கள், சம்பளம் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது ரோஸ்டர். ஆள் குறைந்தால் இருப்பவருக்கு டியூட்டி கூடும். கூடினால் அவரும் ஃபோர்ம் நிரப்பத் தொடங்குவார். இங்கே அடிப்படைச் சம்பளத்தில் வீடு ஓடாது, மேலதிக நேர வேலையான ஓ.டி.யில்தான் ஓடும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிவிட்டு, மேலதிக நேரத்துக்கும் விடுமுறை நாள் வேலைக்குமான கொடுப்பனவைக் கணக்கிடும் முறையில் கை வைத்தார்கள். தாதியர் போராட்டத்தில் இறங்கினார்கள். "சம்பளம் கூட்டியும் கத்துகிறார்கள்" என்று அப்போதும் நாங்கள் திட்டினோம். மாதக் கடைசியில் கையில் வரும் தொகையைப் பார்த்துத்தானே ஒருவர் போவதா இருப்பதா என்று முடிவெடுப்பார்?

இன்னொன்று, திறமைக்கு இங்கே ஏணி இல்லை. மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம் என்று வருடக்கணக்கில் ஏறலாம். அதற்கு மேல் வார்டுப் பொறுப்பான சிஸ்டர் ஆனால் கட்டிலை விட்டுக் கோப்புக்குப் போய்விட வேண்டும். குறைமாதக் குழந்தைகளைப் பார்ப்பதில் கெட்டிக்காரியான ஒருவர், அதே இன்கியூபேட்டர் பக்கத்தில் நின்றபடி மதிப்பும் பணமும் பெற்று மேலே வர வழி மிகக் குறைவு. வெளிநாடு அந்த வழியைக் காட்டுகிறது. நான் சுகாதார அமைச்சில் இருந்தால் முதலில் இதைத்தான் தொடுவேன். ஐ.சி.யூ., பிரசவ அறை, டயலிசிஸ், குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆகிய இடங்களில் நிலைத்து நிற்பவருக்குத் தனிக் கொடுப்பனவு, தனித் தரம். எல்லாருக்கும் கொடுக்கக் காசு இல்லையா? இவர்களுக்காவது கொடுங்கள்.

மருத்துவிச்சிகளின் கதை வேறு மாதிரி. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸைத்தான் சொல்கிறேன், குடும்பநல உத்தியோகத்தர். இவர்கள் கூட்டமாக விமானம் ஏறுவதில்லை. இவர்களுடையது 18 மாதப் பயிற்சி, பிரித்தானியாவில் மருத்துவிச்சியாகப் பதிவதற்கு வேண்டிய பட்டப்படிப்போடு அதை ஒப்பிட முடியாது. அதனால் இவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தியும் வருவதில்லை. ஆனால் இந்த நாடு உலகத்துக்குக் காட்டிப் பெருமைப்படுகிற கணக்கு இவர்களுடையது. 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது 30 அளவில் நிற்கிறது. பொரளைப் பக்கம் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறந்ததிலிருந்து, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்று ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்ததால் வந்த மாற்றம் அது. மலேரியா ஒழிப்பும் இரத்த வங்கியும் பெண்கல்வியும் கூடச் சேர்ந்தன, மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணியை மூன்றாம் மாதத்திலேயே தேடிப் பிடித்துப் பதிவேட்டில் போட்டது யார்?

இப்போது ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. பிள்ளைகளே பிறப்பதில்லை, பிறகெதற்கு மிட்வைஃப் என்று. பிறப்பு சரிந்திருப்பது உண்மை. 2019இல் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த பதிவு 2024இல் இரண்டு லட்சத்து இருபதாயிரம் அளவுக்கு வந்துவிட்டது. மறுபக்கம் 2024 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் 12.6 வீதம். ஆக, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டக்கூடிய இந்த அரச சுகாதார ஊழியரின் வேலை குறைகிறதா, மாறுகிறதா? கொழும்பின் தொடர்மாடிகளில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவில், அம்மா தனியே நாலாம் மாடியில், சீனி வருத்தக் குளிசையை எப்போது போட்டேன் என்று மறந்தபடி. அங்கே ஏறிப்போகப் பழக்கமுள்ள ஆள் மிட்வைஃப் மிஸ்தான். கிளினிக்கில் நிறுத்திக் காகிதம் நிரப்பவைத்து அவரை வீணாக்காமல், கொஞ்சம் மேலதிகப் பயிற்சி கொடுத்து முதியோர் வீடுகளுக்கும் அனுப்பலாம். சம்பளத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும், சும்மா இன்னொரு பதிவேட்டைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. திரிபோஷ சத்துமா பகிர்வதிலிருந்து டெங்கு விழிப்புணர்வு வரை ஏற்கெனவே தலையில் ஏற்றியது போதும்.

இனி வரப்போவதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 2022இல் முதலில் லீவில் போனவர்களுக்கு ஐந்து வருடம் 2027இல் முடிகிறது. அங்கேயும் காற்று மாறுகிறது. பிரித்தானியப் பதிவேட்டில் புதிதாகச் சேரும் வெளிநாட்டவர் தொகை 2024-25இல் முந்தைய வருடத்தை விட ஏறத்தாழ 30 வீதம் விழுந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் என்றிருந்ததைப் பத்தாக்கப் போவதாக 2025இல் அறிவித்தார்கள். ஆகவே எல்லாரும் அங்கேயே இருந்துவிடுவார்கள் என்று முடிவு கட்டத் தேவையில்லை. ஒரு பகுதியினராவது, வயதான பெற்றோருக்காகவோ பிள்ளையின் படிப்புக்காகவோ, திரும்பி வர யோசிப்பார்கள். ஐந்து வருடம் நல்ல ஐ.சி.யூ. ஒன்றில் வேலை செய்துவிட்டு வருகிறவரை நாங்கள் எந்த வார்டில் போடப்போகிறோம்? அந்த அனுபவத்தைத் தரத்தில் சேர்ப்போமா, அல்லது கண் கிளினிக்கில் நம்பர் கூப்பிட விடுவோமா? புதியவர்களுக்குப் பழக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுப்போமா? இதற்குப் பதில் 2027இல் தேடத் தொடங்கினால் பிந்திவிடும். அதற்குள் அவர்கள் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருப்பார்கள்.

தாதியர், மிட்வைஃப்மார் யாராவது இதை வாசித்தால் கொமென்டில் எழுதுங்கள். லீவில் போயிருப்பவர்கள் முக்கியமாக: என்ன இருந்தால் திரும்பி வருவீர்கள்? பெயரோடு எழுதப் பயமென்றால் இன்பொக்ஸில் போடுங்கள், பெயரில்லாமல் நான் இங்கே பதிகிறேன்.