ஆம்பளைக்கு 35, பொம்பளைக்கு 3

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

காலேஜில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். மூன்று பெண்கள், இரண்டு பசங்க. ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். ஐந்து பேருக்கும் ஒரே வாரம் லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. நான் ஜெர்மனியில் டுசல்டார்ஃபில் இருக்கிறேன். இங்கிருந்து ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் ஆம்ஸ்டர்டாம். காலையில் போய், கால்வாய் ஓரமாக நடந்து, படகில் ஒரு சுற்று சுற்றி, சீஸ் கடை, பூக்கடை எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவது என்று ஏற்பாடு. ஒரு மாதமாக வாட்ஸாப் குரூப்பில் இதே பேச்சுதான். எங்களில் ஒருத்திக்கு இது ஐந்தாம் மாசம். "தாராளமா நடங்க, தண்ணி மட்டும் நிறைய குடிங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

ரயிலில் அவள் கையில் ஒரு லிட்டர் பாட்டில். ஊதா கலர், வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்தது. ஆம்ஸ்டர்டாம் வர அரை மணி இருக்கும்போது மூடியைத் திறந்தாள். உதட்டை நனைக்கிற அளவுக்கு ஒரு வாய். மூடிவிட்டாள்.

"ஏன்டி, குடியேன்."

"வேணாம்டி. இறங்கினதுக்கு அப்புறம் எங்க இருக்கும்னு தெரியாது."

டாய்லெட் என்ற வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. பெண்கள் எங்களுக்குப் புரிந்தது. பசங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறப்போகும்போது தண்ணீர் குடிக்காதே என்று நம் வீட்டில் ஆண் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்வாள். ஸ்கூல் டாய்லெட்டுக்குப் பயந்து சாயங்காலம் வரை அடக்கிவைத்த பழக்கம் பாதிப் பேருக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அதையெல்லாம் ஊரோடு விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தேன். விடவில்லை. ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் கூடவே வந்தது.

ஸ்டேஷனில் ஒரு யூரோ கொடுத்துப் போய்விட்டுத்தான் வெளியே வந்தோம். அது போகட்டும். சுத்தமாக இருந்தது, கதவு இருந்தது.

டாம் சதுக்கத்தில் அரண்மனை முன்னால் நின்று படம் எடுத்தோம். 1655-ல் நகர மண்டபமாகத் திறந்த கட்டிடம் அது. சேற்று நிலம் தாங்காது என்று 13,659 மரத்தூண்களைப் பூமிக்குள் அடித்து இறக்கி, அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கிறார்கள். கடலைத் தள்ளி நிறுத்தி நிலம் எடுத்த ஜனம். பதினேழாம் நூற்றாண்டில் அவர்கள் வெட்டிய கால்வாய்களுக்கு 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. எல்லாம் சரி. இவ்வளவும் செய்யத் தெரிந்த ஊருக்கு, பொம்பளைக்கும் மூத்திரப்பை இருக்கிறது என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

பதினொன்றரை மணிக்கு அவளுக்கு மறுபடி போக வேண்டும். ஐந்தாம் மாசத்தில் அப்படித்தான். இதில் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மேப்பில் தேடினோம். டாய்லெட் குறி போட்டு ஒரு இடம் காட்டியது. கால்வாய் ஓரமாகவே பத்து நிமிஷம் நடந்தோம். அவள் வேகமாகவும் நடக்க முடியாமல், மெதுவாகவும் நடக்க முடியாமல் நடந்தாள்.

போய்ச் சேர்ந்தால், அது ஆண்களுக்கானது.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கரும்பச்சை பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டை நத்தை ஓடு மாதிரி சுருட்டி நடைபாதையில் நட்டுவைத்திருப்பார்கள். டச்சு மொழியில் அதற்குப் பெயர் 'க்ருல்'. சுருள் என்று அர்த்தம். கதவு கிடையாது. தகட்டுக்குக் கீழே இடைவெளி விட்டிருப்பதால் உள்ளே நிற்கிறவன் கால் தெரியும். கை கழுவக் குழாய் கிடையாது. தரையில் ஈரம். இருபதடி தள்ளி நிற்கும்போதே நாற்றம் அடித்தது. எங்கள் கண் முன்னால் ஒரு ஆள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனான், முப்பது நொடியில் வெளியே வந்தான், சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். காசு இல்லை, க்யூ இல்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் தோழி அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வயிற்றுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு.

எங்கள் பசங்களில் ஒருத்தன், "இங்க வந்ததுக்கு நானாவது போயிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2015-ல் இதே ஆம்ஸ்டர்டாமில், ராத்திரி வீட்டுக்குப் போகிற வழியில், பார் எல்லாம் மூடிய பிறகு, ஒரு இளம்பெண் வேறு வழியில்லாமல் தெருவோரம் உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் 140 யூரோ அபராதம் போட்டது. அவள் கட்ட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் பெண்கள் போகக்கூடிய பொதுக் கழிப்பறை சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நகரத்தில் ஆண்களுக்கு 35 இடம், பெண்கள் பயன்படுத்தக்கூடியது 3. 2017-ல் தீர்ப்பு வந்தது. ஆண்கள் கழிப்பிடத்தையே அவள் பயன்படுத்தியிருக்கலாம், அது இனிமையான அனுபவமாக இருக்காது, ஆனாலும் முடியும் என்றார் நீதிபதி. அபராதத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான். இந்த மாதிரி வழக்கில் தன் முன்னால் வந்த இரண்டாவது பெண்தான் இவள் என்றும் சொன்னார்.

இரண்டாவது பெண்! மற்றவர்கள் எல்லாம் அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் ஐயா. தண்ணீர் குடிக்காமல் வெளியே வந்தார்கள். யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து மாத்திரை சாப்பிட்டார்கள். அதெல்லாம் கோர்ட் கணக்கில் வராது. தெருவில் நின்று அசிங்கம் பண்ணியவனுக்கு நகரமே இடம் கட்டிக் கொடுத்தது. வாயை மூடி அடக்கிக்கொண்டவளுக்குத் தேவையே இல்லை என்று முடிவு கட்டியது. தீர்ப்பு வந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் க்ருலுக்குள் போய் எப்படி உட்காருவது என்று உடம்பை வளைத்துக் காட்டி, படம் எடுத்துப் போட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகும் 'முடியும்' என்று சொல்ல ஒரு ஆளுக்கு வாய் வருமா?

இது புதுச் சண்டையும் இல்லை. 1970-லேயே டோலெ மீனா என்ற பெண்கள் இயக்கத்தினர் ஆம்ஸ்டர்டாமில் இந்த ஆண்கள் கழிப்பிடங்களைச் சுற்றி ரோஸ் கலர் ரிப்பனைக் கட்டி அடைத்துப் போராடினார்கள். எங்களுக்கும் இடம் கொடு என்று கேட்டார்கள். அன்றைக்கு ரிப்பன் கட்டியவர்கள் இன்று பாட்டிகள். அவர்கள் கேட்டதைத்தான் நாங்களும் அந்தச் சனிக்கிழமை தெருத்தெருவாகத் தேடினோம்.

அடுத்து ஒரு காபி ஷாப். நான் உள்ளே போய், கர்ப்பிணி, அவசரம், ஒரு நிமிஷம் என்று கேட்டேன். "கஸ்டமருக்கு மட்டும்." சரி, இரண்டு காபி வாங்கினோம், ஒன்பது யூரோ. பணம் கட்டிய பிறகுதான் டாய்லெட் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்றார்கள். அந்த ஊர்ப் பழைய வீட்டுப் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஏணி மாதிரி செங்குத்து. பாதி பாதம்தான் படியில் பதியும். அவளுக்கு வயிறு மறைத்துக் கால் தெரியவில்லை. நான் முன்னால் பின்பக்கமாக இறங்கினேன், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். கீழே ஒரே ஒரு அறை, நான்கு பேர் வரிசை, நாலு பேரும் பெண்கள். வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு முன்னால் விட்டார்கள். அந்த நாலு பேருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

மேலே வந்தால் பசங்க வாசலில். "படகுக்கு டைம் ஆச்சு. அடிக்கடி பாத்ரூம் பாத்ரூம்னா எப்படி ஊர் சுத்துறது?"

சொன்னவன் கெட்டவன் இல்லை. பன்னிரண்டு வருஷ நண்பன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். அதனால்தான் அந்த வார்த்தை அப்படிச் சுட்டது. அன்றைக்கு மதியத்துக்குள் அவன் மூன்று தடவை போய்விட்டு வந்திருந்தான், நான் எண்ணினேன். மூன்றும் இலவசம். அவன் போய்விட்டு வருவது யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் அவனுக்காக ஊர் முழுக்க இடம் கட்டி வைத்திருக்கிறது. எங்கள் ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷமும் ஒன்பது யூரோவும் போனது, அதனால் நாங்கள் 'அடிக்கடி' ஆகிவிட்டோம். அவனிடம் அங்கேயே கேட்டேன். "உனக்கு இடம் இருக்கு, இவளுக்கு இல்ல. லேட் ஆக்குறது யாரு?" பதில் இல்லை.

படகில் டாய்லெட் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சவாரி. அவள் ஏறவில்லை, அவளைத் தனியே விட மனசில்லாமல் நானும் ஏறவில்லை. டிக்கெட் காசு போனது போகட்டும். கால்வாயைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். பாலத்துக்கு அடியில் படகு நுழையும்போது தலையைக் குனிய வேண்டுமாமே என்று ரயிலில் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே வந்தாள். கரையில் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் கை காட்டினாள்.

காசு இல்லை, இடம் இல்லை என்று யாரும் கதை சொல்ல வேண்டாம். பாரிஸில் தெருவில் தானாகவே கழுவிக்கொள்ளும் கழிப்பறைகள் 400-க்கும் மேல் இருக்கின்றன, 2006 முதல் எல்லோருக்கும் இலவசம். கதவு உண்டு, தண்ணீர் உண்டு. ஜெர்மனியில் ஆலன் என்ற சின்ன ஊர் 2000-ல் ஆரம்பித்த ஏற்பாடு இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறது: 'நெட்டே டாய்லெட்டே'. இனிய கழிப்பறை என்று அர்த்தம். கடைக்காரருக்கு நகராட்சி மாதம் ஒரு தொகை கொடுத்துவிடும். அவர் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார். யார் வேண்டுமானாலும் ஒன்றும் வாங்காமல் உள்ளே போகலாம். கட்டிடம் கட்ட வேண்டாம், தூண் அடிக்க வேண்டாம். ஸ்டிக்கர் போதும்.

ஆம்ஸ்டர்டாமும் 2024-ல் பெண்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் போகக்கூடிய கழிப்பறைகளுக்கென்று 40 லட்சம் யூரோ ஒதுக்கியது. ரிப்பன் கட்டி 54 வருஷம் கழித்து. கட்டட்டும், சீக்கிரம் கட்டட்டும். நாங்கள் நடந்த தெருக்களில் எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

ஆறு மணிக்கு மேல் அவள் தலை வலிக்கிறது என்றாள். வலிக்காமல் என்ன செய்யும், பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நடந்தால். பூக்கடைப் பக்கம் போகாமலே ஸ்டேஷனுக்குத் திரும்பினோம்.

ரயில் ஏறியதும் அவள் பெட்டியின் கோடி வரை போய், டாய்லெட் கதவில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். பையிலிருந்து அந்த ஊதா பாட்டிலை எடுத்தாள். காலையில் நிரப்பியது, ஒரு வாய்தான் குறைந்திருந்தது. அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். பாதி பாட்டில் காலியாகும் வரைக்கும் கையை இறக்கவில்லை.