செயலாளர் அவர்களே, அது கரி

சனிக்கிழமை ராத்திரி எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட்டாக வந்து சேர்ந்துவிட்டது என்று இன்பாக்ஸைத் திறந்ததும் தெரிந்துகொண்டேன். அதனால் முதலிலிருந்து கதை சொல்லவில்லை. சுருக்கமாக: எங்கள் மொட்டை மாடியில் நான் மாவளி சுற்றினேன், கார்த்திகைக்குக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுற்றினால் பொறி பறக்குமே, அது. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 'மொட்டை மாடியில் வெடிமருந்து பரிசோதனை' என்று நோட்டீஸ் அடித்து லிஃப்டில் ஒட்டியிருக்கிறார்களே, அதற்கு மட்டும் பதில்.

அதில் மருந்து இல்லை.

மாவளியில் இருப்பது கரி. பனம்பூக் கரி. ஆண் பனையின் பூக்கதிரைக் காயவைத்து, குழியில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடுவதற்குள் மண்ணைத் தள்ளி மூடி, அப்புறம் தோண்டியெடுத்து இடித்த கரி. அதைப் பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே செருகி, நுனியில் நெருப்பு வைத்துக் கயிற்றால் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். எங்கள் திண்டிவனம் பக்கத்தில் கார்த்திகை தீபத்தன்று "மாவளியோ மாவளி" என்று கத்திக்கொண்டு ஓடாத பையன் கிடையாது. அங்கே யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டாசுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பட்டாசு மருந்தில் வெடியுப்பு மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். எரியத் தேவையான ஆக்சிஜனை அது தன்னோடே கொண்டு வருகிறது. அதனால்தான் காகிதத்துக்குள் இறுக்கி அடைத்தாலும் வெடிக்கிறது. கரிக்கு அந்த வசதி இல்லை. காற்று கொடுத்தால் கனலும், கொடுக்காவிட்டால் சும்மா கிடக்கும். சுற்றுவதே அதற்குக் காற்று ஊட்டத்தான். கையை நிறுத்தினால் பொறியும் நின்றுவிடும். இதை வெடிமருந்து என்றால், தெருமுனையில் இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிற அண்ணனையும் பிடித்து உள்ளே போடுங்கள்.

'பரிசோதனை' என்ற சொல்தான் எல்லோரையும் பயமுறுத்தியிருக்கிறது போல. ஆமாம், பரிசோதனைதான். மூன்று வருஷமாக நோட்டுப் போட்டு எழுதுகிறேன். முதல் வருஷம் ஊரிலிருந்து வந்த பனம்பூக் கரி. பஞ்சு மாதிரி லேசான கரி. துகள் துகளாகப் பிரிந்து பறந்து பொன் நிறத்தில் மழையாகக் கொட்டியது. இரண்டாம் வருஷம் தேங்காய்ச் சிரட்டைக் கரி. கணகணவென்று கனன்றதே தவிர, பொறி பறக்கவில்லை. இந்த வருஷம் லேத் பட்டறையிலிருந்து ஒரு கைப்பிடி இரும்புத் துகள் வாங்கிக் கலந்தேன். அதில் ஒவ்வொரு பொறியும் நுனியில் கிளை கிளையாகச் சிதறியது. இரும்பில் இருக்கிற கரிமம் எரிந்து வாயுவாகி, உருகிய துளியை உடைத்துக்கொண்டு வருவதால் அப்படி. பட்டறை அண்ணன் சாணைக்கல்லில் ஒரு கம்பியை வைத்து, பறக்கிற பொறியைப் பார்த்தே "இது மைல்டு, இது கார்பன் ஜாஸ்தி" என்று சொல்வார். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இதுதான் நான் செய்த 'வெடிமருந்து பரிசோதனை'.

நோட்டீஸில் 1884 வெடிபொருள் சட்டம் வேறு வருகிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வது குற்றம். எனக்கும் தெரியும், சரிதான் என்றும் நினைக்கிறேன். 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு, வருகிற வாயுவை வெடிக்கவைக்கிற 'கார்பைடு துப்பாக்கி'யால் எத்தனை பிள்ளைகளுக்குக் கண் போனது என்று படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தீபாவளி மறுநாள் தெருத் தெருவாகப் புஸ்ஸாகிப்போன வெடிகளைப் பொறுக்கி வந்து, பிரித்து, மருந்தைச் செய்தித்தாளில் கொட்டிப் பற்றவைத்தான். ஒரு நொடிதான். புருவம் திரும்ப முளைத்தது. வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக நீட்ட வராது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. மருந்தைத் தொடக் கூடாது என்று எனக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மறுபடி சொல்கிறேன், அதில் மருந்து இல்லை.

"பொறி பொறிதானே, துணியில் பட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயம். பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நனைத்த சாக்கும் இரண்டு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சுற்றினேன். மூன்றாம் மாடிக் கொடியில் காய்ந்த துண்டில் ஒரு பொத்தல் விழுந்தது உண்மை. கைப்பிடிச் சுவருக்கு அவ்வளவு பக்கத்தில் நான் நின்றிருக்கக் கூடாது. புதுத் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். பழசைவிட நல்ல துண்டு.

புகை வருகிறதாம். கொஞ்சம் வரும். அதைத் தீபாவளி மறுநாள் காலையில் பேசிக்கொள்ளலாம்.

"இன்றைக்கு மாவளி, நாளைக்குக் குண்டு" என்று எழுதிய பி பிளாக் பெரியவருக்கு என் வணக்கம். இன்றைக்கு ரசம், நாளைக்குச் சாராயம், அப்படித்தானே?

ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிற கம்பி மத்தாப்பை நாலு வயசுக் குழந்தை கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறோம். அதில் மருந்து இருக்கிறது. யாருக்கும் பயமில்லை. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வெடிக்கிற நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ராத்திரி பதினொன்றரைக்குக் கார் பார்க்கிங்கில் சரவெடி கொளுத்தியது யார் என்று சிசிடிவியில் இருக்கிறது. அவர் பெயரில் நோட்டீஸ் வரவில்லை. எப்படி வரும், கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தானே.

சரி, இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். சின்ன வயசில் எனக்கு மாவளி சுற்றக் கொடுக்கவே மாட்டார்கள். "பாவாடை பத்திக்கும்டி" என்பாள் ஆயா. கரி இடிப்பது நான், சல்லடையில் சலிப்பது நான், துணி சுருட்டுவது நான். சுற்றுவது அண்ணன்கள். வரப்பில் நின்று கைதட்டுகிற வேலை எனக்கு. நாற்பத்து நாலு வயசில், சொந்தமாக வாங்கிய வீட்டு மாடியில், என் கையால் சுற்றினேன். தலைக்கு மேல் பொன் வளையம் எழுந்தபோது கீழே யாராவது கைதட்டுவார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

நோட்டீஸின் கடைசி வரி: 'குடும்பத் தலைவர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.' மேலே முகவரியில் என் வீட்டுக்காரர் பெயர். அவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "சாரி சார், இனிமே நடக்காது" என்று குழுவில் போட்டுவிட்டார். அதற்கு இருபத்தாறு கட்டைவிரல். எண்ணினேன்.

நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா, கொடுங்கள். என் பெயரில் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பராமரிப்புக் கட்டணக் கணக்கைப் பாருங்கள். மாதாமாதம் பணம் என் வங்கிக் கணக்கிலிருந்துதான் வருகிறது.