மூஞ்சிக்கு யாருங்க வெள்ளையடிக்கச் சொன்னது?

சொன்னேன். கடைக்குள் நுழையும்போதே சொன்னேன். "அண்ணா, விசா போட்டோ. 35-க்கு 45 மில்லிமீட்டர். பின்னாடி வெள்ளை. மூஞ்சியில கை வைக்காதீங்க, இருக்கறது இருக்கறபடியே வேணும்." ஸ்டூடியோக்காரர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "பண்ணிடலாம் சார்" என்றார். பண்ணிவிட்டார்.

எங்கள் கல்லூரி நாடகக் குழுப் பிள்ளைகளை கிரீஸ் நாட்டு ஏதென்ஸுக்குக் கூட்டிப் போகிறோம். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருக்கும் டயோனிசஸ் என்கிற பழங்கால நாடக அரங்கைக் காட்ட வேண்டும். எபிடாரஸில் சுமார் 14,000 பேர் உட்காரும் கல் அரங்கின் கடைசிப் படியில் இவர்களை ஏற்றி உட்கார வைக்க வேண்டும். அதற்காக நான் சேர்த்த காகிதங்களைப் பார்த்தால் உங்களுக்கே கண் கலங்கும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, அப்பாமார்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், ஹாஸ்டல் புக்கிங், கல்லூரிக் கடிதம், தலைக்கு 90 யூரோ கட்டணம். எல்லாம் வரிசையாக, கிளிப் போட்டு, பேர் எழுதி.

ராத்திரி சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, தூங்காமல், சென்னையில் இறங்கி, விசா மையத்தில் முதல் ஆளாக நின்றோம். முதலில் கூப்பிட்டது எங்கள் நாடகத்தில் கட்டியங்காரனாக, அதாவது கதையை நடத்திச் சொல்பவனாக, வருகிறவனை. ஓமலூர் பக்கத்துப் பையன். நல்ல கருப்பு, களையான முகம், இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

கவுன்டரில் இருந்த அம்மா போட்டோவைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தான் மேடம்."

பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட் ஆபீஸ் கேமராவுக்கு அழகுணர்ச்சி கிடையாது, அதில் பையன் பையனாகவே இருந்தான். போட்டோவிலோ நீலக் கோட், சிவப்பு டையோடு ரோஜாப்பூ நிறத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளை. "மச்சம் எங்க?"

"அழிச்சிட்டாங்க மேடம்."

"இந்தக் கோட்டை எடுத்து மாட்டிட்டு வாங்க பார்க்கலாம்."

"அது கம்ப்யூட்டர்ல இருக்கு மேடம்."

பக்கத்துக் கவுன்டர்க்காரரைக் கூப்பிட்டார். அவர் போட்டோவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் யோசித்து, "காது ஒத்துப்போகுது" என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் மேலதிகாரி வந்தார். பையனைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். இவன் வேறு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, போட்டோவில் இருப்பவனைப் போலவே உதட்டை இறுக்கி, கண்ணை அகலமாக விரித்து நின்றான். ஆறு மாதத்துக்குள் எடுத்த, உள்ளது உள்ளபடியான படம் வேண்டும் என்று மேலதிகாரி எனக்குப் பாடம் எடுத்தார். எனக்கு! அந்த விதியைப் பிரின்ட் எடுத்து ஸ்டூடியோக்காரர் மேஜையில் வைத்துவிட்டு வந்தவனே நான்தான். டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சரி, ஒருத்தனோடு போகட்டும் என்று அடுத்த கவரைப் பிரித்தால் அதே கோட். அதற்கடுத்ததிலும் அதே நீலக் கோட், அதே சிவப்பு டை. ஆண், பெண் பேதமே இல்லை. நாங்கள் போடுகிற கிரேக்க நாடகத்தின் நாயகி அந்திகோனிக்கும் டை. அதை எழுதிய சோபக்ளிஸ் பார்த்திருந்தால் அண்ணனைப் புதைக்கிற பிரச்சினையை விட்டுவிட்டு இதைப் பற்றி எழுதியிருப்பார்.

அந்தக் காலத்து ஏதென்ஸில் நடிகர்கள் முகமூடி போட்டுத்தான் ஆடினார்கள், பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டினார்கள். நம்ம பக்கத்துக் கூத்தில் ஆண்களே திரௌபதை வேஷம் கட்டுகிற மாதிரி. அதனால்தான் அந்திகோனியைக் கூத்து பாணியில் போடலாம் என்ற யோசனையே வந்தது. அரிதாரம் பூச எங்கள் பையனுக்கே தெரியும். ராத்திரி பூசினால் விடிகாலையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவான். இந்த ஆள் பூசிவிட்டது எந்த எண்ணெய்க்கும் போகாது.

கடைசியில் மையத்துக்குள்ளேயே மூலையில் ஒரு போட்டோ பூத். அத்தனை பேருக்கும் புதுசாக எடுத்தோம், தனிக் காசு. அதற்குள் எங்கள் நேரம் போய்விட்டது என்று மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். மனுஷன் பதறவே இல்லை. "கருப்பா இருந்தா விசா குடுக்க மாட்டான் சார், பையன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். கோட்டுக்குத் தனியா காசுகூட வாங்கல." அதாவது நான் நன்றி சொல்லவில்லை என்று அவருக்கு வருத்தம். இவர்கள் செத்தவர்களையே விடுவதில்லை. எங்கள் தெருத் தாத்தா ஆயுசெல்லாம் மாந்தோப்பு வெயிலில் நின்றவர். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பன்னீரில் குளித்தவர் மாதிரி சிரிக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்கள் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கினார்கள்.

விசா இன்னும் வரவில்லை. 15 நாள் என்கிறார்கள், 45 வரை இழுக்கவும் செய்வார்களாம். அதற்குள் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. 'ஏதென்ஸ் செல்லும் எங்கள் கலைச் செல்வங்களுக்கு வாழ்த்துகள்.' எல்லோரும் நீலக் கோட்டில். பின்னணியில் ஈபிள் டவர். ஃபிளெக்ஸ் அடித்தவரிடம் கேட்டேன், "வெளிநாடுதானே சார்?" என்றார். அதற்குமேல் கத்தத் தெம்பில்லை, அங்கேயே நின்று சிரித்துவிட்டேன்.

வலது ஓரத்தில் என் படமும் இருக்கிறது. நெற்றி வரைக்கும் அடர்த்தியான முடி. எனக்குக் கல்யாணத்தன்றே அவ்வளவு முடி கிடையாது. வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே, அந்தக் கடைல சொல்லி ஒரு காப்பி போட்டு வாங்கிட்டு வாங்க" என்கிறாள்.